புது போன் ஆர்டர் செய்வது எப்படி: அறிவிப்பு முதல் பெட்டி திறப்பது வரை அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இந்தியாவில் புதிதாக வெளியாகும் ஸ்மார்ட்போனுக்குக் காத்திருப்பவர்களுக்காக இந்தப் பக்கம். எந்த மாடல் நல்லது என்பதற்குள் இங்கே போகவில்லை. மாடலை முடிவு செய்த பிறகு வரும் சந்தேகங்களுக்கு மட்டும்தான் பதில்.

அறிமுகம், முன்பதிவு, விற்பனை: மூன்றும் ஒரே நாளில்தானே?

பெரும்பாலும் இல்லை. ஐபோன் 16ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2024 செப்டம்பர் 9 அறிமுகம், 13 முன்பதிவு, 20 விற்பனை. ஐபோன் 17க்கும் அதே கணக்குதான்: 2025 செப்டம்பர் 9, 12, 19. முன்பதிவும் விற்பனையும் வெள்ளிக்கிழமை என்பது பல வருட வழக்கம். சாம்சங் கேலக்ஸி எஸ்25 2025 ஜனவரி 22ல் அறிமுகமாகி பிப்ரவரி 7ல் விற்பனைக்கு வந்தது. மற்ற ஆண்ட்ராய்டு பிராண்டுகளில் அறிமுகத்துக்கும் முதல் விற்பனைக்கும் இடையே சில நாள் முதல் ஒரு வாரம் வரை இருக்கும். ஆன்லைன் விற்பனை பகல் 12 மணிக்குத் தொடங்குவதுதான் அதிகம்.

சாம்சங் இன்னொரு படியும் வைக்கும். அறிமுகத்துக்கு முன்பே, விலை தெரியாத நிலையிலேயே, ஏறக்குறைய 2,000 ரூபாய் டோக்கன் வாங்கி இடம் பிடித்துக்கொள்ளச் சொல்லும். பிறகு போனை வாங்கினால் அந்தத் தொகை கழியும், கூடுதல் சலுகையும் சேரும். வாங்காவிட்டால் பணம் திரும்பி வரும். இது முன்பதிவு அல்ல. டோக்கன் கட்டியதால் போன் உங்கள் பெயரில் ஒதுக்கப்படாது. முன்பதிவு திறந்ததும் அதே கணக்கில் போய் மீண்டும் ஆர்டர் போட வேண்டும். இதை விட்டுவிட்டு உட்கார்ந்திருப்பவர்கள் ஒவ்வொரு வருடமும் உண்டு.

ஐபோன் முன்பதிவு ஏன் மாலை 5.30க்கு?

கலிபோர்னியாவில் அப்போது காலை 5 மணி. செப்டம்பரில் நமக்கும் அவர்களுக்கும் 12½ மணி நேர வித்தியாசம். ஆப்பிளின் இந்திய ஆன்லைன் ஸ்டோர் 2020 செப்டம்பர் 23ல் திறந்தது. அதற்கு முன் மற்ற கடைகளை மட்டுமே நம்பியிருந்தோம். முன்பதிவு திறக்கும் முன் சில மணி நேரம் ஸ்டோர் மூடியிருக்கும். 5.30 தாண்டியும் ஓரிரு நிமிடம் அப்படியே இருந்தால் பதறி வேறு தளத்துக்கு ஓட வேண்டாம். உலாவியைவிட ஸ்டோர் ஆப்பில் சீக்கிரம் திறப்பது வழக்கம்.

இந்தியாவுக்கு வருமா, எப்போது வரும் என்று முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி உண்டா?

தேதி தெரியாது, ஆனால் அறிகுறிகள் தெரியும். இந்தியாவில் விற்கும் எந்த போனும் இந்தியத் தரநிர்ணய அமைப்பான பிஐஎஸ்ஸில் கட்டாயம் பதிவாக வேண்டும். ஒரு மாடல் எண் அங்கே தென்பட்டால், இங்கே கொண்டுவரும் எண்ணம் நிறுவனத்துக்கு இருக்கிறது என்று அர்த்தம். சீனாவின் டெனா, அமெரிக்காவின் எஃப்சிசி என்ற அனுமதி அமைப்புகளின் பட்டியல்களில் வருவது அந்தந்த நாட்டுக்கான அறிகுறி. அதை வைத்து நம்மூருக்கு நாள் குறிக்க முடியாது. ஒரே பெயரில் வரும் போனுக்கு நாட்டுக்கு நாடு மாடல் எண் மாறும், பேட்டரி அளவுகூடச் சில சமயம் மாறும்.

எல்லாவற்றையும்விட நம்பகமானது அமேசான், பிளிப்கார்ட் தளங்களில் அந்த போனுக்கென்று தனிப் பக்கம் முளைத்து, 'நோட்டிஃபை மீ' பட்டன் வருவதுதான். எந்தத் தளத்தில் விற்பனை என்பதும் அதிலேயே தெரிந்துவிடும்.

கசியும் விலைகளில் ஒன்றை மட்டும் கவனியுங்கள். பெட்டியின் படம் வெளியாகி அதில் எம்ஆர்பி தெரிந்தால், அது விற்பனை விலை அல்ல. ஆண்ட்ராய்டு போன்களில் அச்சிட்ட எம்ஆர்பி உண்மையான விலையைவிடப் பல ஆயிரம் கூடுதலாக இருப்பது சகஜம்.

குறைந்த ஸ்டாக்கைக் குறித்த நேரத்தில் திறந்து விற்கும் ஃபிளாஷ் சேல் எல்லாம் இன்னும் இருக்கிறதா? நொடிகளில் தீர்ந்துவிடுமா?

அந்தக் காலம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. 2014 ஜூலையில் 13,999 ரூபாய் விலையில் ஷாவ்மி எம்ஐ 3 பிளிப்கார்ட்டில் வந்தபோதுதான் இந்தியாவில் ஃபிளாஷ் சேல் ஜுரம் பிடித்தது. அதே ஆண்டு டிசம்பரில் ஒன்பிளஸ் ஒன் அமேசானில் வந்தது. அழைப்பு கிடைத்தால்தான் வாங்க முடியும். 2016 ஜூனில் ஒன்பிளஸ் 3 வந்தபோது அந்த அழைப்பு முறையைக் கைவிட்டார்கள்.

இப்போது பெரிய பிராண்டுகளில் போனே கிடைக்காமல் போவது அரிது. கிடைக்காமல் போவது குறிப்பிட்ட நிறமும் குறிப்பிட்ட ஸ்டோரேஜும்தான். புதிதாக அறிமுகமான நிறம், அதிலும் அதிக ஸ்டோரேஜ் உள்ள வகை என்றால் முதல் அரை மணி நேரத்திலேயே டெலிவரி தேதி இரண்டு மூன்று வாரம் தள்ளிப் போய்விடும். கறுப்பு போதும் என்பவர்கள் இரவு சாப்பிட்டுவிட்டே நிதானமாக ஆர்டர் போடலாம்.

முதல் நாளே வாங்குவது புத்திசாலித்தனமா, பொறுப்பது நல்லதா?

முன்பதிவுச் சலுகையைப் பார்த்து முடிவு செய்யுங்கள், ஆசையைப் பார்த்து அல்ல. சாம்சங்கின் உயர்விலை போன்களில் 256 ஜிபி விலைக்கு 512 ஜிபி தரும் சலுகை முன்பதிவு நாட்களில் மட்டும் வருவதுண்டு. அப்படி இருந்தால், கூடுதல் ஸ்டோரேஜ் உங்களுக்குத் தேவையும் என்றால், பொறுப்பதில் லாபம் குறைவு. சலுகை வெறும் இயர்போன் கூப்பனாக இருந்தால் பொறுங்கள். ஆண்ட்ராய்டு போன்கள் ஒன்றிரண்டு மாதத்திலேயே வங்கிச் சலுகையோடு இறங்கிவிடும். செப்டம்பர், அக்டோபர் தீபாவளி விற்பனைக்கு இரண்டு மாதம் முன்பு முழு விலை கொடுப்பது வீண்.

ஐபோன் கணக்கு வேறு. விலை வருடம் முழுக்க அதிகம் அசையாது. அடுத்த மாடல் வந்த அன்று பழைய மாடலின் விலையை நிறுவனமே குறைக்கும். ஐபோன் 15 79,900 ரூபாய்க்கு வந்து, 16 அறிமுகமானதும் 69,900 ஆனது. 16ம் அதே 79,900ல் தொடங்கி 17 வந்ததும் 69,900க்கு இறங்கியது. ஆகஸ்டில் ஐபோன் வாங்கப் போகிறேன் என்று யாராவது சொன்னால், ஒரு மாதம் தள்ளிப்போடச் சொல்லுங்கள்.

விலையைத் தாண்டி இன்னொரு காரணமும் உண்டு: முதல் தொகுதியில் குறைகள் வெளிப்படும். பெரிய உதாரணம் கேலக்ஸி நோட் 7. 2016 ஆகஸ்ட் 19ல் சில நாடுகளில் விற்பனை தொடங்கியது. பேட்டரி தீப்பிடித்ததால் செப்டம்பர் 2ல் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்கள். இந்தியாவில் முன்பதிவு வாங்கி, விற்பனை தொடங்கவிருந்த சமயம் அது. போன் இங்கே விற்பனைக்கே வரவில்லை. அக்டோபரில் உற்பத்தியையே நிறுத்திவிட்டார்கள். முதல் கேலக்ஸி ஃபோல்டு 2019 ஏப்ரலில் வர வேண்டியது. விமர்சகர்களுக்குக் கொடுத்த போன்களிலேயே திரை பழுதானதால் செப்டம்பருக்குத் தள்ளிப் போனது. இவை அபூர்வம். மென்பொருள் கோளாறுதான் அடிக்கடி வருவது. 2023ல் ஐபோன் 15 புரோ அதிகம் சூடாகிறது என்ற புகாருக்கு இரண்டு வாரத்துக்குள் ஐஓஎஸ் 17.0.3 அப்டேட் வந்தது. அலுவலக வேலைக்கு ஒரே போனை நம்பியிருப்பவர்கள், முதல் ஒன்றிரண்டு அப்டேட் வந்த பிறகு வாங்கினால் தலைவலி குறையும்.

விற்பனைக்கு முந்தின நாள் என்னென்ன தயாராக இருக்க வேண்டும்?

ஆர்டர் தவறிப்போவதற்குக் காரணம் பெரும்பாலும் இணைய வேகம் அல்ல, வங்கிப் பக்கம்தான். அதனால் அங்கிருந்து தொடங்குவோம்.

கார்டில் ஆன்லைன் பரிவர்த்தனை இயக்கப்பட்டிருக்கிறதா, வரம்பு எவ்வளவு என்று வங்கி ஆப்பில் பாருங்கள். ரிசர்வ் வங்கி விதிப்படி 2020 அக்டோபருக்குப் பிறகு புதிதாக வரும் கார்டுகளில் ஆன்லைன் வசதி நீங்கள் இயக்கினால்தான் வேலை செய்யும். இயக்கியிருந்தாலும் ஒரு நாள் வரம்பு 50,000 என்று கிடக்கலாம். 80,000 ரூபாய் போனுக்கு அது போதாது. வரம்பை முந்தின நாளே கூட்டி, போன் வாங்கிய பிறகு பழையபடி குறைத்துவிடுங்கள்.

கார்டைத் தளத்தில் முன்பே சேமித்துவையுங்கள். 2022 அக்டோபர் முதல் விற்பனைத் தளங்கள் கார்டு எண்ணை வைத்துக்கொள்ள முடியாது. அதற்குப் பதிலாக டோக்கன் என்ற மாற்றுக் குறியீடு உருவாகும். டோக்கன் உருவாக்க ஒரு ஓடிபி தேவை. அதை விற்பனை நிமிடத்தில் செய்துகொண்டிருந்தால் நேரம் போகும்.

யுபிஐயில் கட்ட நினைத்தால், பொதுவான ஒரு நாள் வரம்பு 1 லட்சம். அன்று காலையில் வாடகை அனுப்பியிருந்தால் அதுவும் இதில் சேரும். யுபிஐ ஆப்பைப் புதிதாகப் பதிவு செய்தாலோ போன் மாற்றினாலோ முதல் 24 மணி நேரம் மிகச் சிறிய தொகைதான் அனுப்ப முடியும்.

தவணையில் வாங்குவதானால், கிரெடிட் கார்டில் முழு விலைக்கும் வரம்பு மீதம் இருக்க வேண்டும். 60,000 ரூபாய் போனுக்கு மாதம் 10,000தானே கட்டப் போகிறோம் என்று நினைக்காதீர்கள், முதலில் 60,000மும் முடக்கப்படும். டெபிட் கார்டு தவணை எல்லோருக்கும் கிடையாது. தகுதி உண்டா என்று வங்கி ஆப்பிலோ, வங்கி சொல்லும் எண்ணுக்கு எஸ்எம்எஸ் அனுப்பியோ முன்பே பார்க்கலாம்.

சலுகையின் நிபந்தனைகளையும் இன்றே படித்துவிடுங்கள். '5,000 ரூபாய் உடனடித் தள்ளுபடி' என்பது கிரெடிட் கார்டுக்கு மட்டுமா, தவணைக்கு மட்டுமா, முழுத் தொகைக்கும் உண்டா? ஒரு கார்டுக்கு ஒருமுறைதான் என்பது பொது விதி. அதே வங்கியின் பெயரில் இருந்தாலும் வேறு நிறுவனத்தோடு சேர்ந்து வெளியிட்ட கார்டுகளும், அலுவலகக் கார்டுகளும் பல சலுகைகளில் சேராது. 'கேஷ்பேக்' என்றால் இப்போது குறையாது, சில மாதம் கழித்துக் கணக்கில் வரும். அதுவரை கார்டை மூடிவிடக் கூடாது.

மற்றவை சில்லறை. ஆப்பை அப்டேட் செய்து லாகின் ஆகியிருங்கள். முகவரியை இயல்பு முகவரியாக வையுங்கள். பின்கோடு போட்டு டெலிவரி உண்டா என்று பாருங்கள். உயர்விலை போன்கள் சில சிற்றூர் பின்கோடுகளுக்குப் போகாது; பக்கத்து நகரத்தில் உறவினர் வீடு இருந்தால் அந்த முகவரியைச் சேர்த்துவையுங்கள். தொழில் கணக்கில் ஜிஎஸ்டி வரவு எடுக்க வேண்டுமானால் ஜிஎஸ்டி எண்ணை ஆர்டர் போடும் முன்பே கொடுக்க வேண்டும். பில் போட்ட பிறகு சேர்த்துத் தர மாட்டார்கள்.

விற்பனை தொடங்கும் நிமிடத்தில் என்ன செய்ய வேண்டும்?

போன் பக்கத்தை இரண்டு நிமிடம் முன்பே திறந்துவைத்து, நேரமானதும் ஒருமுறை புதுப்பியுங்கள். நிறத்திலும் ஸ்டோரேஜிலும் முதல் விருப்பம், இரண்டாம் விருப்பம் என்று முன்பே முடிவு செய்திருக்க வேண்டும். அங்கே நின்று யோசித்தால் இரண்டும் போய்விடும். கார்ட்டில் போட்டுவிட்டால் போன் நம்முடையது என்று நினைப்பது பெரிய தவறு. பெரும்பாலான தளங்களில் பணம் கட்டி முடித்தால்தான் ஸ்டாக் ஒதுங்கும். எனவே 'பை நவ்' நேர்வழி.

ஓடிபி வரும் சிம் எந்த போனில் இருக்கிறதோ அது கையில் இருக்கட்டும், சிக்னல் நன்றாக இருக்கும் இடத்தில் உட்காருங்கள். பணம் கட்டும் பக்கம் சுற்றிக்கொண்டே இருந்தால் பின்னால் போகும் பட்டனை அழுத்தாதீர்கள். முதலில் 'மை ஆர்டர்ஸ்' பக்கத்தை வேறொரு கருவியில் திறந்து பாருங்கள். ஆர்டர் விழுந்திருக்கலாம்.

ஒரே கணக்கில் இரண்டு கருவிகளில் ஒரே சமயத்தில் ஆர்டர் போடுவதும், ஒரே முகவரிக்கு நான்கு கணக்குகளில் வாங்குவதும் வேண்டாம். ஒரு வாடிக்கையாளருக்கு இத்தனை என்ற வரம்பு இருக்கும். மறுவிற்பனைக்கு வாங்குபவர் என்று தளம் சந்தேகித்தால் எல்லா ஆர்டரையும் சேர்த்தே ரத்து செய்யும். 'ஆர்டர் உறுதி' என்று மெயில் வந்த பிறகும் இது நடக்கும்.

பணம் கழிந்துவிட்டது, ஆர்டர் விழவில்லை. இப்போது?

உடனே மறுபடி கட்டாதீர்கள். பத்து நிமிடம் பொறுத்து ஆர்டர் பக்கத்தையும் வங்கிக் கணக்கையும் பாருங்கள். ஆர்டர் உண்மையிலேயே இல்லையென்றால், ரிசர்வ் வங்கியின் 2019 செப்டம்பர் சுற்றறிக்கை உங்கள் பக்கம். யுபிஐயிலோ ஆன்லைனில் கார்டு மூலமோ கணக்கில் பணம் கழிந்து விற்பவருக்கு உறுதி போகாமல் நின்றால், பரிவர்த்தனை நாளுக்குப் பிறகு ஐந்து நாளுக்குள் பணம் தானாகத் திரும்ப வேண்டும். தாண்டினால் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் இழப்பீடு. புகார் கொடுக்கும்போது யுபிஐயின் 12 இலக்கப் பரிவர்த்தனை எண், தேதி, நேரம், தொகை நான்கும் வேண்டும்.

'கஸ்டமர் கேர் எண்' என்று இணையத்தில் தேடிக் கூப்பிடாதீர்கள். தேடலில் முதலில் வருவது மோசடி எண்ணாக இருக்கலாம். ஆப்பின் உள்ளே இருக்கும் உதவிப் பக்கம் வழியாக மட்டும் பேசுங்கள். யாராவது பணத்தைத் திருப்ப 'ஸ்கிரீன் ஷேர்' ஆப் போடச் சொன்னாலோ யுபிஐ பின் கேட்டாலோ இணைப்பைத் துண்டியுங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930ஐ அழையுங்கள்.

'நோ காஸ்ட் இஎம்ஐ' உண்மையிலேயே செலவில்லாததா?

முழுக்க இல்லை. வட்டி இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது என ரிசர்வ் வங்கியே 2013ல் சொல்லிவிட்டது. நடப்பது இதுதான்: வங்கி வழக்கமான வட்டியைப் போடும்; அந்த வட்டி அளவுக்குக் கடை விலையில் முன்கூட்டியே கழித்துக்கொடுக்கும்.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 60,000 ரூபாய் போன், 6 மாதத் தவணை, ஆண்டு வட்டி 15 சதவீதம் என்று வையுங்கள். கடை 2,540 ரூபாய் கழித்து 57,460 ரூபாய்க்குக் கடன் போடும். மாதம் 10,000 வீதம் ஆறு மாதம் கட்டினால் 60,000 சரியாகிவிடும். ஆனால் 2,540 வட்டிக்கு 18 சதவீத ஜிஎஸ்டி சுமார் 457 ரூபாய் உங்கள் தலையில் விழும். பிராசஸிங் கட்டணம் 199 என்றால் அதற்கும் ஜிஎஸ்டி சேர்த்து 235. ஆக சுமார் 690 ரூபாய் கூடுதல். பெரிய தொகை இல்லைதான். ஆனால் மொத்தமாகக் கட்டினால் 3,000 தள்ளுபடி, தவணையில் கட்டினால் தள்ளுபடி இல்லை என்ற சலுகையோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும்.

போனைத் திருப்பிக் கொடுத்தால் இன்னொரு சிக்கல். பணம் கார்டுக்குத் திரும்பினாலும் தவணை தானாக நிற்காமல் போகலாம். வங்கியிடம் தவணையை ரத்து செய்யச் சொல்லிக் கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். பிராசஸிங் கட்டணமும் அதுவரை போட்ட வட்டியும் பொதுவாகத் திரும்பாது.

பழைய போனை எக்ஸ்சேஞ்சில் கொடுக்கலாமா? என்ன தகராறு வரும்?

தகராறு வருவது பெரும்பாலும் வாசலில். ஆர்டர் போடும்போது நீங்கள் சொன்ன நிலையை வைத்துத்தான் விலை காட்டியிருப்பார்கள். டெலிவரிக்கு வருபவர் ஆப்பில் பரிசோதனை ஓட்டி, திரையில் சிறு கோடு, பின்கண்ணாடியில் விரிசல், ஸ்பீக்கர் கரகரப்பு எது இருந்தாலும் விலையைக் குறைப்பார், அல்லது போனை வாங்க மறுப்பார். மறுத்தால் வித்தியாசத் தொகையைக் கட்டிப் புதுசை வாங்கலாமா, ஆர்டரே ரத்தாகுமா என்பது தளத்துக்குத் தளம் மாறும். ஆர்டர் போடும்போதே நிபந்தனையைப் பாருங்கள்.

ஆர்டரில் கொடுத்த ஐஎம்இஐ எண்ணும் (ஒவ்வொரு போனுக்கும் உள்ள தனி அடையாள எண்) கையில் இருக்கும் போனின் எண்ணும் ஒத்துப்போக வேண்டும். இரண்டு சிம் போனில் முதல் எண்ணைத்தான் கொடுத்திருக்க வேண்டும். வீட்டில் வேறொரு போனை மாற்றிக் கொடுக்க முடியாது.

உண்மையான சிரமம் தகவல் மாற்றுவதில். புதுசு வந்த அதே நிமிடம் பழசு போய்விடும், வாசலில் ஆள் காத்திருப்பார். எனவே டெலிவரிக்கு முந்தின இரவே வாட்ஸ்அப் பேக்கப், புகைப்படங்கள், தொடர்புகளை எடுத்துவிடுங்கள். இரண்டடுக்குப் பாதுகாப்புக் குறியீடு தரும் ஆப் வைத்திருந்தால் அதை வேறொரு கருவிக்கு மாற்றிவிடுங்கள். பலரும் மறப்பது இதைத்தான். பழைய போன் கையை விட்டுப் போனால் மெயிலுக்குள்கூட நுழைய முடியாமல் நிற்பார்கள். இசிம், அதாவது போனுக்குள்ளேயே பதிந்த சிம், வைத்திருப்பவர்கள் அதற்கும் வழி பார்க்க வேண்டும். பிறகு ஐபோனில் தொலைந்த போனைத் தேட உதவும் 'ஃபைண்ட் மை'யை அணைத்து ஆப்பிள் கணக்கிலிருந்து வெளியேறுங்கள். ஆண்ட்ராய்டில் கூகுள் கணக்கை நீக்குங்கள். அதன் பிறகுதான் ரீசெட். கணக்கை நீக்காமல் ரீசெட் செய்தால் போன் பூட்டிக்கொள்ளலாம், அப்படியானால் வாங்க மாட்டார்கள்.

புது போனில் யுபிஐ ஆப் மீண்டும் பதிவாக சிம்மிலிருந்து எஸ்எம்எஸ் போக வேண்டும். ரீசார்ஜ் முடிந்துபோன சிம்மாக இருந்தால் அங்கேயே நிற்கும்.

டெலிவரி வந்ததும் என்ன பார்க்க வேண்டும்?

ஓடிபியை முதலில் சொல்லக் கூடாது. அது போன் கைக்கு வந்ததற்கான ஒப்புதல். 'ஓப்பன் பாக்ஸ் டெலிவரி' என்றால் டெலிவரிக்கு வந்தவரே உங்கள் முன் வெளிப்பெட்டியைப் பிரித்து, போன் பெட்டியையும் திறந்து காட்டுவார். பார்த்து முடித்த பிறகுதான் எண். அந்த வசதி இல்லையென்றால், வெளி உறையில் ஒட்டியிருக்கும் லேபிள் தெரிவதிலிருந்து போன் திரை எரிவது வரை ஒரே வீடியோவாக, நடுவில் நிறுத்தாமல், எடுங்கள். வெட்டி ஒட்டிய வீடியோ புகாரில் நிற்காது.

பெட்டியின் பின்பக்கத்தில் ஒரு வெள்ளை லேபிள் இருக்கும். மாடல் எண், நிறம், ஸ்டோரேஜ், ஐஎம்இஐ 1, ஐஎம்இஐ 2, வரிசை எண், தயாரித்த மாதமும் வருடமும், எம்ஆர்பி, எந்த நாட்டில் தயாரானது, புகார் தொடர்பு எல்லாம் அதில் அச்சாகியிருக்க வேண்டும். பில்லில் உள்ள ஐஎம்இஐ, லேபிளில் உள்ளது, போனில் *#06# தட்டினால் வருவது: மூன்றும் ஒன்றாக இருக்கிறதா என்று இலக்கம் இலக்கமாகப் பாருங்கள். அதே எண்ணை, கே ஒய் எம் என்ற மூன்று ஆங்கில எழுத்துகளைப் போட்டு ஓர் இடைவெளி விட்டு, 14422க்கு எஸ்எம்எஸ் அனுப்பினால் அந்த எண் எந்த மாடலுக்குரியது, முடக்கப்பட்டதா என்று பதில் வரும். பழைய போன் வாங்குபவர்களுக்கு இது இன்னும் அவசியம்.

பிறகு திரை. முழு வெள்ளை, முழுக் கறுப்பு, சாம்பல் படங்களைத் திறந்து புள்ளி, கோடு, நிறமாற்றம் உண்டா என்று பாருங்கள். எல்லா கேமராக்களிலும் ஒரு படம் எடுங்கள், இரண்டு சிம்மிலும் பேசுங்கள், வைஃபை, சார்ஜிங், கைரேகை பாருங்கள். வாரண்டி தொடங்கிய தேதியை நிறுவனத்தின் தளத்தில் வரிசை எண் போட்டுப் பாருங்கள். நீங்கள் திறக்கும் முன்பே தொடங்கியிருந்தால் அது யாரோ திறந்த போன்.

போன் வந்ததிலிருந்தே கோளாறு. திருப்பி எடுப்பார்களா?

'பிடிக்கவில்லை' என்றால் எடுக்க மாட்டார்கள். பழுது என்றால், ஆன்லைன் தளங்களில் பெரும்பாலும் 7 நாள் மாற்றுக் காலம். பல பிராண்டுகளுக்குத் தளம் நேரடியாக மாற்றாமல், நிறுவனத்தின் அங்கீகரித்த சர்வீஸ் சென்டருக்கு அனுப்பும். அங்கே 'டிஓஏ' சான்று, அதாவது வந்தபோதே பழுது என்று எழுதிக் கொடுத்த தாள், வாங்கினால்தான் மாற்று போன். ஏழாம் நாள் மாலையில் போய் நின்றால் சான்று கிடைக்கும் முன் காலம் முடிந்துவிடும். கோளாறு தெரிந்த அன்றே தளத்தின் ஆப்பில் புகார் பதிவு செய்து எண் வாங்கிக்கொண்டு, பிறகு சர்வீஸ் சென்டருக்குப் போங்கள். பெட்டி, கேபிள், சிம் ஊசி, தாள்கள் எதையும் எறிய வேண்டாம்.

உறுதியான ஆர்டரைக் கடைக்காரரே ரத்து செய்துவிட்டால்?

பணம் திரும்பும், ஆனால் சலுகை போய்விடும். அதுதான் எரிச்சல். 2020ன் மின்வணிக நுகர்வோர் பாதுகாப்பு விதிகளின்படி ஒவ்வொரு தளத்துக்கும் குறைதீர் அதிகாரி இருக்க வேண்டும். புகார் கிடைத்ததை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். பெயரும் தொடர்பும் தளத்திலேயே இருக்கும். அங்கே தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேல் நுகர்வோர் ஆணையம். இணையம் வழியாகவே மனு போடலாம். நீங்கள் ரத்து செய்ததற்காகத் தளம் கட்டணம் கேட்டால், அதே கட்டணத்தைத் தாங்கள் ரத்து செய்யும்போது அவர்களும் ஏற்காத வரை, வாங்கக் கூடாது என்றும் அதே விதிகள் சொல்கின்றன.

கடையில் முன்பதிவு செய்வது நல்லதா?

ரசீது கொடுத்தால் நல்லது. மாடல், நிறம், ஸ்டோரேஜ், விலை, கட்டிய முன்பணம், டெலிவரி தேதி, போன் வராவிட்டால் முழுப் பணமும் திரும்பும் என்ற வரி ஆகியவை ரசீதில் இருக்க வேண்டும். ஸ்டாக் குறைவாக இருக்கும் முதல் வாரத்தில் சில கடைகளில் கவர், டெம்பர்டு கிளாஸ், இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து வாங்கினால்தான் போன் என்பார்கள். மறுத்துவிட்டு இரண்டு கடை தள்ளி விசாரியுங்கள், அல்லது ஒரு வாரம் பொறுங்கள். சில பிராண்டுகளின் போனைக் கடையிலேயே பிரித்து, சிம் போட்டு இயக்கித்தான் தருவார்கள். மொத்தமாக வாங்கி வெளியே விற்பதைத் தடுக்கும் ஏற்பாடு அது, பயப்பட வேண்டியதில்லை.

பில் இல்லாமல் ஐயாயிரம் குறைவு என்றால் வேண்டாம். வாரண்டி, இன்சூரன்ஸ், திருட்டுப் புகார் எல்லாவற்றுக்கும் முதலில் கேட்பது பில்தான்.

ஐபோனை ஸ்ரீபெரும்புதூரில்தானே தயாரிக்கிறார்கள், நமக்குச் சீக்கிரமும் மலிவாகவும் கிடைக்காதா?

கிடைக்காது. ஐபோன் 15 விற்பனைக்கு வந்த முதல் நாளே இந்தியாவில் தயாரானதும் கடைகளில் இருந்தது. அதில் ஸ்ரீபெரும்புதூர் பாக்ஸ்கான் ஆலையின் பங்கு பெரிது. ஆனால் தொழிற்சாலையிலிருந்து போன் விநியோகஸ்தரின் கிடங்குக்குப் போய், அங்கிருந்துதான் பிரியும். ஆலை பக்கத்தில் இருப்பதால் காஞ்சிபுரத்துக்கு முன்னுரிமை என்பதெல்லாம் இல்லை. விலையிலும் வித்தியாசம் தெரியாது. போனுக்கு 2020 ஏப்ரல் முதல் ஜிஎஸ்டி 18 சதவீதம், எங்கே செய்தாலும். முழுதாக இறக்குமதியாகும் போனுக்கு அதற்கு மேல் சுங்க வரி; அது 2024 ஜூலை பட்ஜெட்டில் 20லிருந்து 15 சதவீதமானது.

அமெரிக்காவிலிருந்து வரும் உறவினரிடம் சொல்லி வாங்கலாமா?

விலை குறைவுதான். ஆனால் ஐபோன் 14 முதல் அமெரிக்க ஐபோனில் சிம் போடும் இடமே இல்லை, இசிம் மட்டும்தான். ஆண்ட்ராய்டு என்றால் வாரண்டி பெரும்பாலும் வாங்கிய நாட்டோடு நின்றுவிடும். அலைவரிசையும் பாருங்கள்: ஜியோ 5ஜி, 4ஜியின் உதவியின்றித் தனித்து இயங்கும் வகை, என்28, என்78 பட்டைகள் வேண்டும். பட்டை இருந்தும் மென்பொருள் திறக்காமல் போகலாம். இந்தியாவில் 5ஜி 2022 அக்டோபரில் தொடங்கியும், ஐபோன்களில் அது எல்லோருக்கும் வேலை செய்தது டிசம்பரில் ஐஓஎஸ் 16.2 வந்த பிறகுதான்.

சார்ஜர் தனியாக வாங்க வேண்டுமா?

ஆப்பிள் 2020 அக்டோபரிலும் சாம்சங் உயர்விலை போன்களில் 2021 ஜனவரியிலும் சார்ஜரைப் பெட்டியிலிருந்து எடுத்துவிட்டன. ஆர்டர் போடும்போதே 'பெட்டியில் உள்ளவை' பகுதியைப் பாருங்கள். சாம்சங்கில் 45 வாட் வேகம் வேண்டுமானால் 'பிபிஎஸ்' என்ற வேக சார்ஜிங் வசதியுள்ள சார்ஜரும் 5 ஆம்பியர் கேபிளும் இரண்டும் வேண்டும். பழைய 3 ஆம்பியர் கேபிளில் வேகம் குறையும். 80, 100 வாட் என்று போடும் சீன பிராண்டுகளின் முழு வேகம் அவர்கள் சார்ஜரில்தான் கிடைக்கும்.

நம்ப முடியாத விலையில் முன்பதிவு விளம்பரம் வருகிறதே?

2016 பிப்ரவரியில் 'ஃப்ரீடம் 251' என்று 251 ரூபாய்க்கு ஸ்மார்ட்போன் என அறிவித்தார்கள். முதல் நாளே கூட்டம் தாங்காமல் தளம் முடங்கியது. அந்த விலையில் உதிரிபாகம்கூட வாங்க முடியாது என்று அப்போதே பலர் சொன்னார்கள். இன்று வருபவை இன்னும் நுணுக்கமானவை: பெரிய தளத்தின் பெயரில் ஓர் எழுத்து மாறிய முகவரி, பாதி விலை, 'இன்னும் 3 மட்டுமே', யுபிஐ மட்டும். விளம்பரத்தைத் தொட்டுப் போகாமல் ஆப்பைத் திறந்து நீங்களே தேடுங்கள். அங்கே அந்த விலை இல்லையென்றால் எங்கும் இல்லை.

வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கு இங்கே வாங்கி அனுப்பலாமா?

சாம்சங் என்றால் பெட்டியின் மேல் ஒட்டியிருக்கும் சிறு ஸ்டிக்கரைப் படியுங்கள். முதலில் இந்தப் பகுதியின் சிம்மில் இயக்க வேண்டும் என்று சில மாடல்களில் இருக்கும். அப்படியே பிரிக்காமல் அனுப்பினால் அங்கே போய் அவர் சிம்மை ஏற்காது. இங்கேயே பிரித்து, நம்மூர் சிம்மைப் போட்டு, ஐந்து நிமிடத்துக்கு மேல் பேசிவிட்டு, ரீசெட் செய்து, அசல் பில்லோடு அனுப்புங்கள்.